ரெண்டு டேங்க் வண்டியும் மச்சினன் வாசலும்

இனிமேல் என் வண்டி டீசல் இல்லாமல் நடுரோட்டில் நிற்காது. நின்றால் என் பெயர் சேவுகப்பெருமாள் இல்லை.

இந்தச் சபதத்தை நான் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் விளக்குவதற்கு முன்பே எடுத்தேன். கேட்டது என் மனைவி பொன்னழகு ஒருத்திதான். அவள் இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கு என்ன செய்யப் போறீக?"

"வண்டிக்கு இன்னொரு டேங்க் வைக்கப் போறேன்."

"இருக்குற டேங்க்க ரொப்பிட்டுப் போனா ஆகாதா?"

"அது ஊர்ல எல்லாரும் செய்யுறது."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடமாக அந்தப் பார்வையைப் பார்த்து வருகிறேன். எனக்குப் பழகிவிட்டது. அவளுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தென்னந்தோப்பு இருக்கிறது. வயது அறுபத்தேழு. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் பாதியில், வாத்தியார் என்னை மக்கு என்று சொன்னதால், பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் காலமாகி இருபத்தெட்டு வருடமாகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கு வாய்ப்பாடு தெரியாது. ஆனால் யார், எப்போது, எந்தக் கிழமை, என்னை என்ன சொன்னார்கள் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன்.

வண்டி எழுபத்தெட்டாம் வருடத்து பிக்கப். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். இரண்டு பேர் என்றால் சண்டையில்லாமல் உட்காரலாம், அந்த இரண்டு பேர் நானும் பொன்னழகும் இல்லையென்றால். டீசல் காட்டுகிற முள் தொண்ணூற்றிரண்டில் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால் டேங்குக்குள் தென்னை ஈர்க்கை விட்டுப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் டீசல் இருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில் என் வண்டியில் எப்போதும் டீசல் இருக்கும்.

இனி சபதத்துக்கு வருகிறேன்.

எங்கள் குலதெய்வம் தேவகோட்டைக்கு அங்குட்டு இருக்கிறது. மாசி மாதம் சிவராத்திரி அன்று பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடுவோம். சாமியின் பட்டும் நகையும் அரிவாளும் இருக்கிற பெட்டியை ஊரிலிருந்து கொண்டு போக வேண்டும். பெட்டி புறப்பட்டால் கோயிலில்தான் இறங்க வேண்டும். வழியில் எங்கும் நிற்கக் கூடாது. கொண்டு போவது எங்கள் வீட்டு உரிமை. என் தாத்தா மாட்டு வண்டியில் கொண்டு போனார், அப்பாவும் மாட்டு வண்டியில் கொண்டு போனார், நான் பிக்கப்பில் கொண்டு போனேன். மாடு வழியில் நின்றதே இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால், பெட்டியோடும் இருபது பங்காளிகளோடும் போகும்போது, டீசல் தீர்ந்து வண்டி நின்றது. எங்கே நின்றது? தேவகோட்டை எல்லையில், என் மச்சினன் முத்துராமலிங்கத்தின் வீட்டு வாசலில். பொன்னழகின் தம்பி. அவன் டிராக்டரைக் கொண்டுவந்தான். கயிறு கட்டினான். கட்டிவிட்டு இருபது பேர் முன்னால் சொன்னான்.

"என்னத்தான், இந்த வருசம் பெட்டிக்குப் பதிலா வண்டியவே சாமிக்கு நேந்து விட்டாச்சா?"

இருபது பேரும் சிரித்தார்கள். பொன்னழகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடியது சிரிப்பை மறைக்க என்று எனக்குத் தெரியும். கோயில் வரைக்கும் கயிற்றில் போனேன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கிடாய் மாதிரி. அது ஒரு வியாழக்கிழமை. மறு வருடத்திலிருந்து பெட்டி அய்யப்பன் காரில் போக ஆரம்பித்தது. அய்யப்பன் என் அண்ணன் மகன். நான் பின் சீட்டில் பயணி.

அன்றிலிருந்து மச்சினன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவனோடு பேச்சும் இல்லை. பொன்னழகுதான் பிறந்த வீட்டுக்குத் தனியாக பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள்.

இப்போது அவன் மகள் துர்காதேவிக்குப் பங்குனியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கை வீட்டு ஆம்பளை கையில் வைத்து அழைத்தால்தான் அழைப்பு. வீட்டுப் பொம்பளையிடம் கொடுத்துவிட்டுப் போனால் அது அழைப்பில் சேராது. முத்துராமலிங்கம் தட்டோடு மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் நான் தோப்புக்குள் போய் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"வயசுக்கு வந்த புள்ள மாதிரி ஒளியுறீகளே, வெக்கமா இல்ல?" என்றாள் பொன்னழகு.

"அவன் கையால நான் வாங்க மாட்டேன்."

"வாங்காட்டி கல்யாணத்துக்கு எப்படிப் போறது?"

"யாரு போறா?"

"நான் பெத்த பிள்ளை மாதிரிங்க அவ. அத்தை மட்டும் தனியாப் போயி நின்னா நாலு பேரு என்ன கேப்பாக?"

"மாமா எங்கன்னு கேப்பாக. தோப்புல இருக்காருன்னு சொல்லு."

"என்னைக்குத்தான் தீரும் இந்தக் கோவம்?"

"பெட்டியோட அவன் வாசல நான் நிக்காமத் தாண்டணும். ஆரன் அடிச்சுக்கிட்டே தாண்டணும். அன்னைக்குப் பாப்போம்."

"தாண்டிட்டா வாங்குவீகளா?"

"தாண்டிட்டா எதுக்கு நிக்கணும்?"

அவள் பதில் சொல்லவில்லை. பொன்னழகு பதில் சொல்லவில்லை என்றால் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அய்யப்பனிடம் போய்ப் பேசினேன். பெட்டி இந்த வருடம் என் வண்டியில்தான் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"ஒரு தடவ பாப்போம் சித்தப்பா. ஆனா வழியில நின்னுச்சுன்னா அம்புட்டுத்தான். பெறகு காலத்துக்கும் என் கார்தான்."

"நிக்காது. ரெண்டு டேங்க் வைக்கிறேன்."

"ஒண்ண ரொப்பினாலே போதுமே."

ஊரே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறது.

காரைக்குடியில் அமீர் ஹம்சா பாய் பட்டறை இருக்கிறது. பழைய வண்டி என்றால் அவர்தான். என் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிடுவார், மரியாதையில் அல்ல, பயத்தில். பழைய இரும்புக் கடையில் ஒரு டிராக்டர் டேங்க் வாங்கினேன். நாற்பது லிட்டர் பிடிக்கும். உள்ளே துரு. அதற்குள் கொஞ்சம் சரளைக் கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு உருட்டச் சொன்னார் பாய். வாசலில் நான் ஒரு பக்கம், பொன்னழகு ஒரு பக்கம் பிடித்து, மூன்று நாள் குலுக்கினோம். பிள்ளைகளுக்குக்கூட நாங்கள் சேர்ந்து தொட்டில் ஆட்டியதில்லை.

பாய் டேங்கை வண்டிக்கு அடியில் இடது பக்கம் பட்டை போட்டுக் கட்டினார். பிறகு ஹோஸை எடுத்தார். இரண்டு ஹோஸ்.

"ஒண்ணுதானே வேணும் பாய்?" என்றேன்.

"ரெண்டுண்ணே. டீசல் இஞ்சின் குடிக்கிறதவிடக் கூடுதலா வாங்கும். மிஞ்சினதத் திருப்பி டேங்க்குக்கே அனுப்பிரும். போக ஒண்ணு, வர ஒண்ணு."

"திரும்பி வர்றதுக்குத்தான் பழைய டேங்க்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. அதுலயே போகட்டும்."

"வேணாம்ணே."

"வண்டி யாருது?"

அவர் ஒரு ஹோஸைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு டேங்கையும் கழுத்து வரை நிரப்பி, பொன்னழகைப் பக்கத்தில் உட்கார வைத்து, புது டேங்கில் வண்டியை விட்டேன். ராஜ நடை. காரைக்குடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கையைக் காட்டினார்கள். நானும் கையைக் காட்டினேன். ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கும்பிடுவது போல இரண்டு கையையும் தூக்கினார்.

"ஏங்க, அவுக நம்மளப் பாக்கல. ரோட்டப் பாக்குறாக," என்றாள் பொன்னழகு.

இறங்கிப் பார்த்தேன். பழைய டேங்கின் மூடி வழியாக டீசல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பட்டறையிலிருந்து அந்த இடம் வரைக்கும் ரோட்டில் ஒரு கோடு. புது டேங்கிலிருந்து எடுத்து, மிஞ்சியதையெல்லாம், ஏற்கெனவே நிறைந்திருந்த பழைய டேங்கில் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறது என் இஞ்சின்.

பட்டறைக்குத் திரும்பினோம். பாய் கீழே வைத்த ஹோஸை மறுபடி கையில் எடுத்தார். பொன்னழகுதான் பேசினாள்.

"எதிர்வீட்டுல சீனி வாங்கி, மிஞ்சினதக் கொண்டு போயிப் பக்கத்து வீட்டுல குடுத்தா, எதிர்வீட்டுக்காரி சும்மா விடுவாளா? வாங்குன வீட்டுலதானே திருப்பிக் குடுக்கணும்."

"மதினி ரெண்டு வரியில சொல்லிட்டாக," என்றார் பாய். "இத அண்ணனுக்கு எப்படி விளக்குறதுன்னு நான் ஒரு வாரமாத் தூங்கல."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

பாய் இரண்டாவது ஹோஸையும் போட்டு, போகிற டீசலையும் வருகிற டீசலையும் ஒரே கைப்பிடியில் மாற்றுகிற ஒரு வால்வைப் பொருத்தினார். கைப்பிடியை இங்குட்டுத் திருப்பினால் பழைய டேங்க். அங்குட்டுத் திருப்பினால் புது டேங்க். நடுவில் வைத்தால் இரண்டும் மூடிவிடும். வலது பக்கம் சைலன்சர் சூடு இருப்பதால் வால்வு இடது பக்கம் போயிற்று, அதாவது பொன்னழகின் காலடியில்.

அதுவும் எனக்கு நல்லதாகவே பட்டது. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக நான் சொல்ல, அவள் செய்யப் போகிறாள். லாரிக்காரர்கள் கிளீனர் வைத்துக்கொள்வார்கள். எனக்குக் கிளீனர் என் பெண்டாட்டி.

ஒத்திகைக்கு நாலு தடவை போனோம். இரண்டாவது ஒத்திகையில், "மாத்து" என்றேன். அவள் குனிந்து திருப்பினாள். வண்டி கொஞ்ச தூரம் ஓடி, இருமி, நின்றுவிட்டது.

"என்னடி செஞ்ச?"

"திருப்பினேன். பாதியில நின்னுருச்சுங்க கைப்பிடி. நடுவுல."

"நடுவுல வச்சா ரெண்டும் மூடிரும்னு பாய் சொன்னாருல்ல."

"மூடின பெறகும் பன்னெண்டு கம்பம் ஓடுச்சுங்க."

"என்ன கம்பம்?"

"கரண்டுக் கம்பம். எண்ணிக்கிட்டே வந்தேன். குழாயில கெடந்த டீசல் தீர்ற மட்டும் ஓடும்போல."

"கம்பத்தையெல்லாம் எண்ணாத. நான் சொல்றப்ப முழுசாத் திருப்பு. அதுதான் ஒன் வேல."

"சரிங்க," என்றாள். அவள் 'சரிங்க' என்று சொன்னது எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. நான் இறங்கிப் போய், பானெட்டைத் திறந்து, கைப் பம்பை அறுபது தடவை அமுக்கி, இஞ்சினில் பிடித்திருந்த காற்றை எடுத்துவிட்டு வந்தேன். அறுபது தடவையும் சந்தோஷமாகவே அமுக்கினேன். அதற்குப் பிறகு இரண்டு ஒத்திகை. ஒரு தப்பு இல்லை.

சிவராத்திரி அன்று மத்தியானம் பெட்டியை ஏற்றினோம். புது வைக்கோல், அதன்மேல் புதுத் துண்டு, அதன்மேல் பெட்டி. சுற்றிலும் பங்காளிகள். இரண்டு கிடாய்கள். பின்னால் அய்யப்பன் காரில் வந்தான், எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. நான் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

காரைக்குடி தாண்டியதும் சொன்னேன். "மாத்து."

பொன்னழகு குனிந்தாள். திருப்பினாள். வண்டி ஒரு செருமல்கூடச் செருமவில்லை. பழைய டேங்கிலிருந்து புது டேங்குக்கு, வெண்ணெயில் கத்தி போல மாறியது. பின்னாலிருந்த பங்காளிகளுக்கு மாறியதே தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் நான் கத்திச் சொன்னேன்.

தேவகோட்டை எல்லை வந்தது. மச்சினன் வீடு தெரிந்தது. பதினோரு வருடம். என் கை ஆரனில் போய் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. அந்த ஆரன் சத்தத்தில் தெரு நாய்கள் இரண்டு வழக்கத்துக்கு மாறாக ஒற்றுமையாக ஓடின. முத்துராமலிங்கம் வாசலில் நின்று கைகூப்பினான். பெட்டியைக் கும்பிட்டான் என்று பொன்னழகு சொன்னாள். என்னைக் கும்பிட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன். நிற்கவில்லை. மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், என் வண்டி பறந்தது.

கோயிலில் பெட்டி இறங்கியதும் அய்யப்பன் என் பக்கத்தில் வந்தான்.

"தோத்துட்டேன் சித்தப்பா. இனிமே பெட்டி ஒங்க வண்டியிலதான்."

எனக்குத் துண்டு போர்த்தினார்கள். இரண்டு டேங்க் கதையை நான் பங்காளிகள் எல்லோருக்கும் சொன்னேன். கேட்டவர்களுக்கே இன்னொரு தடவை சொன்னேன். பூசாரிக்குச் சொன்னேன். அவர் சாமி ஆடுகிற நேரம் பார்த்து எழுந்து போய்விட்டார். கிடாய்களுக்கும் சொன்னேன். அவைதான் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டன, கட்டிப் போட்டிருந்ததால்.

மறுநாள் எல்லாம் முடிந்து மத்தியானம் கிளம்பினோம். பெட்டியைத் திரும்பக் கொண்டு வருவது இன்னொரு பங்காளி வீட்டு முறை. அது பங்காளிகளோடு அவர்கள் வண்டியில் முன்னாலேயே போய்விட்டது. எங்கள் வண்டியில் வெறும் அண்டாவும் நாங்கள் இரண்டு பேரும்தான்.

எனக்கு ஒரு ஆசை. போகும்போது தாண்டியாகிவிட்டது. வரும்போதும் ஒரு தடவை தாண்டிவிட்டால் என்ன? பதினோரு வருடத்துக்கு ஒரு ஆரன் எப்படிப் போதும்? வண்டியை விரட்டினேன்.

"கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்," என்றாள் பொன்னழகு.

"ஏன்?"

"இப்ப என்ன அவசரம்?"

"ஜெயிச்சவன் வண்டி இப்படித்தான் போகும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, காலில் ஏதோ குத்துகிறது என்று குனிந்தாள். நிமிர்ந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமி பெயரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கோயிலிலிருந்து வருகிறவள்தானே.

மச்சினன் வீடு தெரிந்ததும் ஆரனில் கையை வைத்தேன். ஆரன் அடித்தது. இஞ்சின் இருமியது. ஆரன் இன்னும் பலமாக அடித்தது. இஞ்சின் நின்றுவிட்டது. வண்டி மட்டும், என் பேச்சைக் கேட்காமல், மெல்ல உருண்டு உருண்டு போய், முத்துராமலிங்கத்தின் வாசலில், கேட்டுக்கு நேராக, பந்தலில் மாப்பிள்ளை உட்காருவது போல நின்றது.

ஆரன் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தேன்.

"வால்வப் பாரு," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் குனிந்து ஏதோ செய்தாள். "இப்பச் சரியாத்தான் இருக்குங்க."

காற்றுப் பிடித்திருக்கும் என்று இறங்கினேன். மச்சினன் வீட்டுப் பக்கம் பார்க்காமலே பானெட்டைத் திறந்து, கைப் பம்பை அமுக்க ஆரம்பித்தேன். இருபது அமுக்கியிருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் முத்துராமலிங்கம். சலவை வேட்டி, சட்டை. கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. பக்கத்தில் அவன் மகள் துர்காதேவி. தோப்பு இருபத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

"அத்தான், புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். நீங்களும் அக்காவும் முன்னாடியே வந்திருந்து நடத்திக் குடுக்கணும்," என்றான். குரல் கொஞ்சம் நடுங்கியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் பழையபடி கேலி பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் பொன்னழகைப் பார்த்துச் சொன்னேன். "கை பூராம் டீசலு. இந்தக் கையால வெத்தலையத் தொடக் கூடாது."

"சோப்பு இருக்கு மாமா," என்றாள் துர்காதேவி. அவள் கையில் சோப்பும், ஒரு சொம்புத் தண்ணீரும், தோளில் துண்டும் இருந்தன. அவளே தண்ணீர் ஊற்றினாள். என்னால் முடிந்த வரைக்கும் மெதுவாகக் கழுவினேன். சோப்பு பாதியாகக் கரைந்தது. நகத்துக்கு நகம் அழுக்கு எடுத்தேன். கல்யாண வயதில் இவ்வளவு சுத்தமாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் நல்ல இடத்தில் பெண் கிடைத்திருக்கும்.

"மாமா," என்றாள் அவள் மெல்ல, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "நீங்க வரலைன்னா அத்தை அழும். எனக்கும் நல்லா இருக்காது."

பாவிப் பெண். அப்பனைப் போல வாய் இல்லை அவளுக்கு. கைக்குழந்தையாக என் தோளில் தூங்கியவள். அது ஞாயிற்றுக்கிழமை. அதுவும் நினைவிருக்கிறது எனக்கு.

துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கினேன். பொன்னழகு வண்டியை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை வாயில் இருந்தது. இந்தத் தடவை எதை மறைக்கிறாள் என்று தெரியவில்லை.

ஆனால் நான் தோற்றுவிட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என் சபதம் என்ன? டீசல் இல்லாமல் வண்டி நிற்காது என்பதுதானே. அதை இவனுக்குக் காட்டாமல் விட்டால் பதினோரு வருடம் வீண். தட்டைப் பானெட் மேல் வைத்துவிட்டு, மச்சினனை வண்டியைச் சுற்றி அழைத்துப் போய், பழைய டேங்கின் மூடியைத் திறந்தேன். புது டேங்கின் மூடியையும் திறந்தேன்.

"நல்லாப் பாத்துக்க மாப்ள. ரெண்டுலயும் டீசல் கெடக்கு. என் வண்டி டீசல் இல்லாம நிக்கல."

பதினோரு வருடத்தில் நான் அவனோடு பேசிய முதல் பேச்சு அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவன் இரண்டு டேங்குக்குள்ளும் மரியாதையாக எட்டிப் பார்த்தான்.

"தெரியும் அத்தான். மூணு மணிக்கு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுறேன்னு அக்கா காலையிலயே போன் போட்டுச் சொல்லிருச்சு. நீங்க வெரட்டிக்கிட்டு வந்து பத்து நிமிசம் முந்திட்டீக, இன்னும் காப்பியே போடல."